பானை படுத்த இடம்

மால்சுன் முப்பது வருஷத்துக்கும் மேலாக ஒரு மண்பானையின் மேல் கோபமாக இருந்தாள். கேட்டால் சிரிப்புதான் வரும். அவள் புருஷன் சாங்சில்கூட ஆரம்பத்தில் சிரித்துப் பார்த்தான். அப்புறம் வாயை மூடிக்கொண்டான். பானை எப்போதோ உடைந்து குப்பைக்குப் போய்விட்டது. ஆனால் அந்தப் பானையைச் சூட்டோரத்தில் வைத்து, மால்சுனைக் குளிரோரத்தில் கிடத்திய ஓரகத்தி ஓக்புன் உயிரோடுதான் இருந்தாள். நன்றாகவும் இருந்தாள். அதுதான் மால்சுனுக்குப் பொறுக்கவில்லை.

காங்வோன் மலைப் பக்கத்து வீடுகளில் அந்தக் காலத்தில் அடுப்பின் அனலும் புகையும் தரைக்கு அடியில் ஓடித்தான் வெளியே போகும். அடுப்பை ஒட்டிய பக்கம் சூட்டோரம். அங்கே முதுகை வைத்தால் வலியெல்லாம் உருகிப்போகும். எதிர்ப்பக்கம் குளிரோரம். அனல் அங்கே போய்ச் சேர்வதற்குள் செத்துவிடும். ஒரு வீட்டில் யாருக்கு எவ்வளவு மதிப்பு என்று விசாரிக்கவே வேண்டாம். யார் எந்த ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும். மாமனார் வந்தால் சூட்டோரம், விருந்தாளி வந்தால் சூட்டோரம், பிள்ளை பெற்றவளுக்குக் கேள்வியே இல்லாமல் சூட்டோரம். பச்சை உடம்பில் குளிர் பட்டால் எலும்புக்குள் காற்று புகுந்துவிடும், புகுந்த காற்று ஆயுசுக்கும் வெளியே போகாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

மால்சுனுக்கு அம்மா இல்லை. சாங்சில் அப்போது நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தான். சுரங்கத்து லைன் வீட்டில் தனியாகப் பிரசவம் பார்க்க முடியாது என்று அவளைத் தன் அண்ணன் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். மாமியார் போய்ச் சேர்ந்திருந்தாள். வீட்டுச் சாவியெல்லாம் அண்ணன் பெண்டாட்டி ஓக்புன் இடுப்பில். ஜனவரி மாசம், பின்னறையில் மால்சுன் பெண் குழந்தை பெற்றாள். மிரான். குழந்தையைத் துடைத்துக் கையில் கொடுத்த பிறகுதான் அவள் சூட்டோரத்தைப் பார்த்தாள். அங்கே ஏற்கெனவே ஒருத்தர் படுத்திருந்தார்.

பானைதான். வேகவைத்த சோயாப் பயறை வைக்கோல் போட்டுப் பானையில் அடைத்து, சூட்டோரத்தில் போர்த்தி வைத்தால் இரண்டு மூன்று நாளில் புளித்து நூல் நூலாக வரும். ஊரே மூக்கைப் பொத்திக்கொள்ளும். பிறகு அதே ஊர் குழம்பு வைத்து மூன்று தட்டு சோறு தின்னும். ஓக்புன் கைப் பயறுக்குச் சந்தையில் பெரிய பெயர். அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு பானை இறங்க ஒரு பானை ஏறிக்கொண்டிருந்தது. பானையைப் போர்த்தியிருந்தது மால்சுனின் கல்யாண மெத்தைப் போர்வை. சிவப்புப் பட்டு, நடுவில் இரண்டு வாத்துகள். சாகக் கிடந்த அம்மா படுக்கையிலேயே உட்கார்ந்து தைத்த வாத்துகள். லைன் வீட்டு ஈரத்தில் பட்டு பாழாகிவிடும் என்று மால்சுன்தான் அதை இங்கே பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"பெட்டியில சும்மாதானே கிடந்துச்சு," என்றாள் ஓக்புன்.

குளிரோரத்தில் மால்சுன் குழந்தையைத் தன் வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு படுத்தாள். கீழே ஐஸ்கட்டி, மேலே குழந்தை. ஒரு நாள் பகலில் தாங்க முடியாமல் நகர்ந்து நகர்ந்து போய், பானைப் போர்வையின் ஓரத்துக்குள் பாதத்தை மட்டும் நுழைத்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் கடற்பாசிச் சூப்போடு உள்ளே வந்த ஓக்புன் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏய், காலை எடு! போர்வை விலகினா பயறு கெட்டுப்போகும்டீ. நீ என்ன கெட்டா போயிடப் போற?"

மால்சுன் காலை எடுத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். பேசாததால் அது உள்ளேயே கிடந்து புளித்தது. வார இறுதியில் வந்த சாங்சில் பானையைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான், அண்ணியிடம் ஒன்றும் கேட்காமல் சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டான். அவனையும் அவள் மறக்கவில்லை. ஆனால் அவன் பக்கத்திலேயே கிடப்பவன், தினம் கொஞ்சம் கொஞ்சமாக வசூலித்துக்கொள்ளலாம்.

காற்று புகுந்தது. முழங்கால், மணிக்கட்டு, இடுப்பு மூன்றிலும் இடம் பிடித்து உட்கார்ந்துகொண்டது. நவம்பர் பிறந்தால் மால்சுன் மாடிப்படியைப் பார்த்துத் திட்டுவாள். சுரங்கத்தை மூடியதும் நகரத்துக்குக் குடிவந்தார்கள். தரை போடும் கூட்டத்தில் சிமெண்ட் சுமக்கப் போனாள். அடுப்பு அனல் போய், பாய்லரில் காய்ந்த தண்ணீர் குழாயில் ஓடுகிற தரை வந்திருந்த காலம். குழாய் பதிக்கக் கற்றுக்கொண்டாள். அப்புறம் குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே பலகை போடக் கற்றுக்கொண்டாள். அந்த வேலையிலேயே நின்றுவிட்டாள். தெர்மாக்கோலுக்கு அண்ணன் மாதிரி கெட்டியான, இளஞ்சிவப்பு நுரைப்பலகை அது. மண்ணின் குளிர் அதைத் தாண்டி மேலே வராது. முதன்முதலில் ஒரு பலகையை ஈர மண்ணில் போட்டு அதன் மேல் உட்கார்ந்து பார்த்தபோது, இது அன்றைக்கு எனக்குக் கீழே இருந்திருந்தால் என்று நினைத்து அழுதுவிட்டாள். சோற்றுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு மற்றவர்கள் நைசாக நகர்ந்து போனார்கள்.

இப்போது அவளுக்கென்று ஒரு கூட்டம் இருந்தது. ஊரில் 'தரைக்காரம்மா' என்றால் தெரியும். கல்யாண மண்டபமோ, சாப்பாட்டுக் கடையோ, எங்கே போனாலும் முதலில் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பாள். பலகைக்கும் பலகைக்கும் நடுவே நகம் நுழைகிற இடுக்கு இருந்தால்கூடப் பொறுக்க மாட்டாள். ஒருமுறை அவளிடம் வேலை பார்க்கும் தோசிக் என்ற பையன் ஒரு சமையலறை மூலையில் இடுக்கு விட்டுவிட்டான். குளிர்காலத்தில் அந்த வீட்டுக்காரி போன் செய்தாள். மால்சுன் தோசிக்கைக் கூட்டிப் போய் அந்த மூலையைக் காட்டினாள்.

"படு."

"அம்மா, பேன்ட்டு அழுக்காயிடும்."

"பேன்ட்ட நான் தொவச்சுத் தரேன். படு. நல்லா இடுப்ப வச்சுப் படு. சோறு தின்னுட்டு வரேன், அதுவரைக்கும் எங்கெங்க குளிருதுன்னு எண்ணிக்கிட்டு இரு."

அதற்குப் பிறகு தோசிக் இடுக்கு விட்டதில்லை.

இப்படிப்பட்டவளைத் தேடித்தான், பனி உருகி மண் இளகிய மார்ச் மாசத்தில், ஓக்புன் ஒரு டப்பா நிறையப் புளித்த பயறோடு பஸ் ஏறி வந்தாள். எழுபதைத் தொட்டவள், கன்னம் இன்னும் ஆப்பிளாக இருந்தது. அவள் உள்ளே வருவதற்கு முன்னால் வாசனை வந்தது. சாங்சில் ஜன்னலைத் திறந்தான்.

"பழைய வீட்ட இடிச்சாச்சு மால்சுன். தேக்யுன் புதுசா கட்டுறான். ஏதோ சூட்டையே வெளிய விடாத வீடாம். பாய்லர் பேருக்கு எரிஞ்சாப் போதுமாம். அதுக்குத் தரைதான் முக்கியங்கறான். எங்க சித்திய விட்டா யாரு போடுவாங்கன்னு ஒரே புடி."

தேக்யுன் ஓக்புனின் ஒரே மகன். நல்ல பிள்ளை. மால்சுன் பெண்ணை வயிற்றில் போட்டுக்கொண்டு குளிரோரத்தில் கிடந்தபோது, அவன் கதவு இடுக்கில் நின்று தங்கச்சிப் பாப்பாவைப் பார்த்துவிட்டு ஓடுகிற வயசு.

"போடுறேன் அக்கா," என்றாள் மால்சுன்.

சாங்சில் திரும்பிப் பார்த்தான். ஓக்புனுக்கு வாயெல்லாம் பல். கிட்டே நகர்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அவன்கிட்ட சொல்லாத. என் ரூம்ல, பழைய சூட்டோரம் இருந்துச்சுல்ல, அதே மூலைல நல்லா கொதிக்கிற மாதிரி ஒரு இடம் போட்டுடு. குழாய நெருக்கி நெருக்கி வை. இடுப்ப வாட்டணும்டீ. வயசாச்சுல்ல?"

"வயசாச்சு, அக்கா. உங்களுக்கு நான் மறக்க முடியாத தரையா போட்டுத் தரேன்."

அவள் போன பிறகு சாங்சில் டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாமா குப்பையில் போடலாமா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"மிரானம்மா, மனசுல என்னத்த வச்சிருக்க?"

"பாசம்."

"விளையாடாத. அந்தப் பானை விஷயத்த விட்டுத் தொலையேன். எத்தன வருஷம் ஆச்சு!"

"உங்க இடுப்புல காத்து பூந்துச்சா? என் இடுப்புல பூந்துச்சு. உங்க இடுப்ப நீங்க விட்டுத் தொலைங்க. என் இடுப்ப நான் பாத்துக்கறேன்."

ஏப்ரலில் வேலை ஆரம்பமானது. பழைய வீடு நின்ற அதே மனை. சுற்றி அடித்தளச் சுவர் எழுப்பியாகிவிட்டது. நடுவே சரளைக் கல் கொட்டி இடித்துச் சமப்படுத்தி, ஈரம் ஏறாமல் கனத்த பிளாஸ்டிக் தாள் விரித்தார்கள். அதன் மேல்தான் இளஞ்சிவப்புப் பலகை. ஒரு வரிசை நெடுக்கே, அதற்கு மேல் ஒரு வரிசை குறுக்கே, கீழ் வரிசையின் இணைப்பு மேல் வரிசையின் வயிற்றுக்கு அடியில் வருகிற மாதிரி. சுவரோரம் முழுக்கப் பலகையை நிறுத்திவைத்து, இணைப்புகளில் நுரையைப் பீய்ச்சி, டேப் ஒட்ட வேண்டும். அப்புறம் மேலே கான்கிரீட் வந்து கொட்டிவிட்டால் அந்த வீடு இருக்கிற வரைக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு மனுஷனும் பார்க்க முடியாது.

மால்சுனின் திட்டமும் அதுதான். தோசிக்கைச் சமையலறைப் பக்கம் அனுப்பிவிட்டு, ஓக்புன் அறைக்கென்று குறித்திருந்த பகுதியில் சுவர் மூலைக்குப் போனாள். ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு மேல் பலகையை எடுத்தாள், கீழ்ப் பலகையை எடுத்தாள், சரளையை அள்ளிப் போட்டு மட்டம் பார்த்தாள். இனி கான்கிரீட்டுக்கும் மண்ணுக்கும் நடுவே பலகை இருக்காது. மண்ணின் குளிர் அந்த வழியாக ஏறி வரும். வீடு முழுக்க இதமாக இருக்கும், இந்த மூலையில் மட்டும் டிசம்பரில் ஒரு குளிர் நாக்கு கீழேயிருந்து நக்கும். தான் கேட்ட சூட்டோரத்தில் ஓக்புன் முதுகை வைப்பாள். முதல் வருஷம் முழங்கால். அடுத்த வருஷம் மணிக்கட்டு. அப்புறம் இடுப்பு. அந்த வரிசையை நினைக்க நினைக்க மால்சுனுக்கு உள்ளுக்குள் வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. சரளையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். குளிர்ந்தது. நல்லாக் குளிரு கண்ணே, என்றாள்.

"சாப்பிட வாங்க!" என்று வாசலில் ஓக்புன் குரல் கேட்டது.

உருளைக்கிழங்கு அடையும் கிம்ச்சியும் அரிசிக் கள்ளும் கொண்டுவந்திருந்தாள். பாத்திரத்தை வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல் ரப்பர் செருப்போடு பலகைகளின் மேல் நடந்து வந்து, எண்ணி வைத்த மாதிரி அந்த மூலையில் வந்து நின்றாள்.

"இதானே என் இடம்? இங்க நான். அங்க கதவுப் பக்கம் யாராவது வந்தா படுத்துக்கட்டும்." சரளையை அவள் பார்த்தாள், ஆனால் அவளுக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. "பயறுப் பானையும் இங்கதான். பழைய வீட்லயும் இதே மூலைதான் மால்சுன். பின்னறைச் சூட்டோரம். அந்தக் குளிர்காலம் ஞாபகம் இருக்கா, எத்தனை பானை! ஒரு பானைகூடக் கெடல. சந்தையில அடிச்சுப் புடிச்சு வாங்கிட்டுப் போனாங்க."

மால்சுன் நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நான் எங்க அக்கா படுத்திருந்தேன்?"

"நீயா?" ஓக்புன் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "நீ ஏது இங்க? நீங்க அப்ப சுரங்கத்து லைன் வீட்ல இருந்தீங்களே."

"மிரான் எங்க பொறந்தா?"

"ஆஸ்பத்திரியிலதானே? எனக்கு எங்கடீ ஞாபகம்? அடை ஆறுது, வா."

அவள் போய்விட்டாள். மால்சுன் சரளையில் உட்கார்ந்தே இருந்தாள். கோபம் என்றால் அவளுக்குப் பழக்கம்தான், ஆனால் இது வேறு. திருடியவள் திருட்டை ஒளித்தால் பரவாயில்லை. இவள் திருடியதையே மறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். முப்பது வருஷமாக மால்சுன் தனியாகச் சுமந்த மூட்டையில், எதிராளிக்கு ஒரு நூல்கூடப் பங்கில்லை. இந்த மூலையில் படுத்து முழங்கால் வலித்தால் என்ன சொல்வாள்? வயசாச்சு என்பாள். பிளாஸ்திரி வாங்கிக்கொடு மால்சுன் என்று இவளையே கேட்பாள். பதிலுக்குக் கொடுப்பது எதற்கென்றே தெரியாதவளிடம் பதிலுக்குக் கொடுத்து என்ன பிரயோஜனம்?

அவள் அந்த மூலையை விட்டு வீடு முழுக்கப் பார்த்தாள். சுவரிலிருந்து சுவர் வரை ஒரே இளஞ்சிவப்பு. ஓர் இடுக்கு இல்லாமல் போட்டால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். இதே மாதிரி வீடுகளில் தரை போட்டுவிட்டு, கிழவிகளிடம் திட்டு வாங்கியிருக்கிறாள். சூடு வெளியே போகவே போகாத வீட்டில் தரை கொதிக்க வேண்டிய அவசியமில்லை. லேசாக, எங்கும் ஒரே மாதிரி, கைக்குத் தெரியாத கதகதப்பாக இருக்கும். முதுகை வாட்ட முடியாது. பயறு புளிக்காது. அடுப்போரம், கதவோரம், மூலை, நடு எல்லாம் ஒன்று. ஓக்புன் ஆயுசு முழுக்க உட்கார்ந்து மற்றவர்களுக்கு இடம் பிரித்துக் கொடுத்த அந்தச் சூட்டோரமே இருக்காது.

மால்சுன் எழுந்தாள். சரளையை ஒரு கல் விடாமல் அள்ளி வெளியே போட்டாள். கீழ்ப் பலகையை வைத்தாள், மேல் பலகையை வைத்தாள், இணைப்பில் நுரையைப் பீய்ச்சினாள். வாயில் அடையோடு வந்த தோசிக் எட்டிப் பார்த்தான்.

"என்னம்மா, இங்க மறுபடியும் பண்றீங்க?"

"எலி தோண்டிடுச்சு."

"பலகைய எடுத்து வெளிய வச்சுட்டா தோண்டுச்சு?"

"படிச்ச எலி. டேப்ப எடு."

அவள் வாழ்க்கையில் அவ்வளவு இறுக்கமாக ஒரு தரை போட்டதில்லை. சுவரோரப் பலகைகளைத் தானே முழந்தாளிட்டுத் தட்டிப் பார்த்தாள். டேப்பின் மேல் டேப் ஒட்டினாள். வலிக்கிற முழங்காலுக்கு அடியில் பலகைத் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பாக விரலால் தடவிக்கொண்டு போனாள். கூட்டத்தில் எல்லோரும் சொந்தக்காரங்க வீடு என்பதால் அம்மா உருகுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கான்கிரீட் காய்ந்து, சுவரும் கூரையும் வந்து, உள்ளே குழாய் பதிக்கும் நாளில் தேக்யுன் கிட்டே வந்து தலையைச் சொறிந்தான்.

"சித்தி, அம்மா ஏதோ ஒரு மூலையில குழாய நெருக்கிப் போடச் சொன்னாங்களாமே?"

"சொன்னாங்க. வீடு உன்னுது. நீ சொல்லு."

"வேணாம் சித்தி. எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி இருந்தாத்தான் இந்த வீட்டுக்கு நல்லது. அம்மா கோச்சுப்பாங்களே?"

"என்மேல கோச்சுக்கட்டும். நான் தாங்குவேன்."

தாங்குவதற்குத்தானே முப்பது வருஷம் பழகியிருக்கிறேன் என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டாள்.

ஜனவரியில் கிரகப்பிரவேசம் வைத்தார்கள். வெளியே பனி முழங்கால் ஆழம், ஓடை உறைந்து கிடந்தது. மால்சுன் எல்லோரையும் போலப் புது வீட்டுச் சீராகக் கழிப்பறைத் தாள் கட்டும் சலவைத்தூளும் வாங்கிக்கொண்டு சாங்சிலோடு போனாள். கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. உள்ளே சொந்தக்காரர்கள் எல்லோரும் பனியன் தெரிய உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளாக ஓக்புன் பாய்லரை ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறாள், தேக்யுன் இறக்கி இறக்கி வைத்திருக்கிறான்.

"வெந்நீர்க் குளியல் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு சித்தி," என்று தேக்யுன் சிரித்துக்கொண்டே ஜன்னலைத் திறந்தான். "ரூம்தான் கொதிக்குது, தரை மட்டும் அப்படியேதான் இருக்குன்னு அம்மா சண்ட போடுறாங்க."

ஓக்புன் சண்டை போடவில்லை. தவழ்ந்துகொண்டிருந்தாள். தன் அறை மூலையிலிருந்து ஆரம்பித்து உள்ளங்கையைத் தரையில் தேய்த்துத் தேய்த்துக் கூடத்துக்கு வந்துவிட்டாள். மெத்தைகளைத் தூக்கிப் பார்த்தாள், சொந்தக்காரர் ஒருவரை எழுப்பி அவர் உட்கார்ந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தாள். யார் எங்கே உட்காருவது என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் அவரவர் இஷ்டத்துக்கு உட்கார்ந்திருந்தார்கள். எதிர்வீட்டுக்காரி ஓக்புனின் மூலையிலேயே காலை நீட்டிப் படுத்து ஒரு தூக்கம் போட்டிருந்தாள். எழுந்திரு என்று சொல்ல ஓக்புனுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

"சூட்டோரம் எங்கடீ?" என்றாள், மால்சுனைப் பார்த்ததும்.

"இல்லக்கா."

"இல்லன்னா?"

"இந்த வீட்ல சூட்டோரமும் இல்ல, குளிரோரமும் இல்ல. எல்லா எடமும் ஒண்ணுதான். எங்க வேணா உக்காருங்க."

"கதவுகிட்டயா நான் உக்காருவேன்?"

"கதவுகிட்டயும் இதே சூடுதான் அக்கா. தொட்டுப் பாருங்க."

ஓக்புன் தொட்டுப் பார்த்தாள். அதே சூடுதான். அது அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அந்தக் கோபத்தோடு எழுந்து அறைக்குள் போய், மூலையில் போர்த்தி வைத்திருந்த பானையைத் தூக்கி வந்து கூடத்தின் நடுவில் வைத்தாள். வந்தவர்களுக்குப் பயறுக் குழம்பு வைத்துக்கொடுக்க வேண்டும் என்று மூன்று நாளுக்கு முன்பே அடைத்துவைத்த பானை. இது வேறு பானை. ஆனால் போர்வை வேறல்ல. சிவப்பு வெளுத்துப் பழுப்பாகியிருந்தது, ஒரு வாத்துக்குத் தலை கிழிந்திருந்தது. மால்சுன் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஓக்புன் போர்வையை அவிழ்த்து, வைக்கோலை விலக்கி, கரண்டியை விட்டுத் தூக்கினாள். நூல் வரவில்லை. இன்னும் ஆழமாக விட்டுத் தூக்கினாள். பயறு தனித்தனியாக உதிர்ந்தது. வழக்கமான அந்தப் பெரிய நாற்றம்கூட இல்லை. ஊசிப்போன சோற்றின் வாடைதான். எட்டிப் பார்த்த எதிர்வீட்டுக்காரி மூக்கைச் சுளித்தாள். "ஓக்புன் கையிலயா பயறு கெட்டுச்சு?" என்று யாரோ கேட்டார்கள். ரெண்டு பேர் சிரித்தார்கள். ஓக்புனின் ஆப்பிள் கன்னம் சிவந்து, பிறகு வெளுத்தது.

"நீ வேணும்னே பண்ணிருக்க," என்று மால்சுன் பக்கம் திரும்பினாள். "என் ஆயுசுல ஒரு பானை கெட்டதில்ல. உன் தரையால என் பயறு கெட்டுப்போச்சுடீ!"

மால்சுன் மெதுவாகக் குனிந்தாள். முழங்கால் சொடுக்கியது. ஓக்புனுக்கு எதிரே, பானைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். இந்த வார்த்தையைச் சொல்ல ஒரு நாள் வரும் என்று தெரியாமலே இத்தனை வருஷமாக வாயில் வைத்திருந்திருக்கிறாள்.

"பயறு கெட்டுப்போச்சா அக்கா? அதனால என்ன? நான் கெட்டா போயிட்டேன்?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சிரித்தவர்கள் இன்னொரு சிரிப்புக்குத் தயாராக இருந்தார்கள். ஓக்புன் மட்டும் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கண் பானையைப் பார்த்தது, பிறகு பானையைச் சுற்றிக் கிடந்த போர்வையைப் பார்த்தது, பிறகு மால்சுனின் பாதத்தைப் பார்த்தது. சாக்ஸ் போட்ட அந்தப் பாதம் போர்வையின் ஓரத்துக்குள் நுழைந்திருந்தது. காலை எடு என்று ஓக்புன் சொல்லவில்லை. பின்னறையும் ஜனவரியும், வயிற்றின் மேல் குழந்தையோடு கிடந்த ஒருத்தியும் எங்கிருந்தோ கிளம்பி அவள் முகத்துக்கு வந்து சேர்வதை மால்சுன் கண்ணால் பார்த்தாள். அதைப் பார்க்கத்தான் உயிரோடு இருந்தாள்.

சாங்சிலுக்கும் புரிந்தது. அவன் சிகரெட் பெட்டியை எடுத்தான், மால்சுன் பார்த்த பார்வையில் திரும்பச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தான்.

தேக்யுன் சட்டென்று ஏதோ பேச்சை மாற்றி, அரிசி கேக் தட்டை நீட்டினான். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். சத்தம் திரும்பி வந்தது. அந்தச் சத்தத்துக்குள் மால்சுன் தன் போர்வையை இழுத்தாள். பானையிலிருந்து கழற்றி, இரண்டு வாத்துகளும் உள்ளே வரும்படி நாலாக மடித்து, மடியில் வைத்துக்கொண்டாள். வாடை தாங்க முடியவில்லை. அவள் மூக்கைப் பொத்தவில்லை.

"மால்சுன்." ஓக்புன் குரல் அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி இருந்தது. அவள் தன்னை அறியாமலே நகர்ந்து நகர்ந்து கதவோரத்துக்குப் போய்விட்டிருந்தாள். "அந்த வருஷம்... அந்த வருஷம் ரொம்பக் குளிருல்ல?"

மால்சுன் போர்வையை இடுக்கிக்கொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள்.

"உங்களுக்கு எப்படி அக்கா தெரியும்?" என்று கேட்டுவிட்டு, அவளைத் தாண்டிப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.